குமரி மலையோரத்தில் மவுண்டன் பைக்: சரிவில் இறங்குமுன் புதியவர்கள் செய்ய வேண்டியவை

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 2001-இல் தொடங்கிய ரெட் புல் ராம்பேஜ் போட்டியின் வீடியோக்கள் நாகர்கோவில் பையன்களின் கைப்பேசியிலும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. செம்பாறை முகட்டிலிருந்து ஒருவர் சைக்கிளோடு பாய்கிறார், தரையைத் தொடுகிறார், கையைத் தூக்குகிறார். அந்த இறக்கத்தை அவரும் உதவியாளர்களும் நாள்கணக்கில் மண்வெட்டியோடு நின்று செதுக்கியது வீடியோவில் சில நொடிதான் வரும். கீழே காத்திருக்கும் மருத்துவக் குழுவோ அந்தச் சில நொடிகூட வராது. வெளிநாட்டு பைக் பார்க்குகளிலும் இதே கதைதான். பாதையை அமைக்க ஒருவர், காலையில் சுற்றிப் பார்த்து விழுந்த கிளையை அகற்ற ஒருவர், விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஒருவர் என்று ஆள் இருக்கும். நுழைவாயிலில் பச்சை வட்டம், நீலச் சதுரம், கறுப்பு வைரம் என்று பாதையின் கடினத்தைக் குறித்தும் வைத்திருப்பார்கள்.

கீரிப்பாறைப் பக்கத்து ரப்பர் தோட்டப் பாதையில் இந்த மூவரில் ஒருவரும் இல்லை. அது சைக்கிளுக்காக வெட்டிய பாதையும் இல்லை, பால் வாளி சுமப்பவர்கள் நடப்பதற்காக வெட்டியது. ஆகவே அந்த மூன்று வேலையும் ஓட்டுகிறவர் தலையில்தான் விழுகிறது. துணிச்சல் எல்லாம் அப்புறம். கீழே சொல்லப்போவது அந்த மூன்று வேலைகளைப் பற்றித்தான். செய்ய வேண்டிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில், எந்த மண்ணில் ஓட்டப் போகிறீர்கள்?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மொத்தப் பரப்பே சுமார் 1,680 சதுர கிலோமீட்டர்தான். அதில் ஏறத்தாழ 400 சதுர கிலோமீட்டர் வனவிலங்கு சரணாலயம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அதற்குள் நுழையக் கூடாது. சைக்கிளுக்குச் சத்தமோ புகையோ இல்லை என்று வாதம் பண்ணிப் பயனில்லை. யானை விஷயத்தில் அந்தச் சத்தமின்மையே ஆபத்து. நடந்து வருகிறவரை யானை முன்கூட்டியே மோப்பம் பிடித்துவிடும். வளைவில் சத்தமே இல்லாமல் வேகமாக வந்து நிற்கும் சைக்கிளைக் கண்டால் அது மிரளும், மிரண்டால் துரத்தும். வனத்துறை 2024-இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தின் பாதைகள் வழிகாட்டியோடு நடந்து போவதற்கானவை. அந்த அனுமதியைக் கையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று எண்ண வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு காட்டுக்குள் போகும் விதிகளைத் தமிழ்நாடு அரசு இறுக்கியது. அதற்கான காரணத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

சரணாலயத்துக்கு வெளியே மலையோரத்தில் பெரும்பகுதி ரப்பர். அதில் கணிசமானது நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்துடையது, மீதி தனியார் தோட்டங்கள். இரண்டிலும் அனுமதி கேட்டுத்தான் போக வேண்டும். அலுவலகத்தில் அனுமதி வாங்கியதோடு நிறுத்திவிடாமல், அன்று அந்தப் பக்கம் பால் வெட்டுகிறவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். "அண்ணே, இந்த வழியா கீழ இறங்கலாமா?" என்றால் போதும். "மேல் தட்டில் புதுசாக் குழி வெட்டியிருக்கு, கீழ்ப் பாதையில போங்க தம்பி" என்கிற மாதிரி ஒரு பதில் வந்தால், அதற்கு ஈடான தகவல் எந்த ஆப்பிலும் கிடைக்காது.

புதியவர்களுக்கு என் பரிந்துரை இரண்டு. ஒன்று சானல் கரை, அதாவது பாசனக் கால்வாயின் கரை. சமதளம், மண்பாதை, பிரேக்கும் சமநிலையும் பழக நல்ல இடம். தண்ணீர் ஓடும் பக்கத்தை விட்டு எதிர் ஓரமாகவே ஓட்டுங்கள், சரளை சறுக்கினால் சானலுக்குள்தான் போய் விழ வேண்டியிருக்கும். இன்னொன்று, தெரிந்தவர் ஒருவரின் விளை, அதாவது தோட்ட நிலம். லேசான சரிவும் கொஞ்சம் தென்னையும் உள்ள விளை ஒன்று கிடைத்தால் ஆறு மாதத்துக்கு வேறு இடம் தேட வேண்டாம்.

மருந்துவாழ் மலைப் படிகளில் சைக்கிளை இறக்கிப் பார்க்கும் ஆசை சிலருக்கு வருகிறது. வயதானவர்கள் கம்பூன்றி ஏறும் படி அது. மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரம். அங்கே கைப்பிடிச் சுவரின் மேல் சைக்கிள் ஓட்டி ரீல்ஸ் எடுக்க நினைப்பவருக்கு இந்தக் கட்டுரை உதவாது.

சைக்கிள் அதற்குத் தாங்குமா?

தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் ஃபோர்க், பக்கவாட்டில் 'எம்.டி.பி.' என்று பெரிய எழுத்து. இவை மூன்றும் இருந்துவிட்டால் அது மலைச் சைக்கிள் ஆகிவிடாது. கடையில் குறைந்த விலைக்குக் கிடைப்பவற்றில் பல, சாலைக்கும் சுமாரான மண்பாதைக்கும் மட்டுமே செய்தவை. அவற்றின் கையேட்டிலேயே குதிக்கக் கூடாது என்று அச்சடித்திருக்கும். கையேட்டை யார் படிக்கிறார்கள்!

நல்ல நிறுவனங்களின் சைக்கிள்களில் சட்டத்தின் (ஃபிரேம்) மேல் 1 முதல் 5 வரை ஓர் எண் ஒட்டியிருக்கும், அல்லது கையேட்டில் இருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பு வகுத்த பயன்பாட்டு வகை அது. 1 என்றால் தார்ச்சாலை மட்டும். 2 என்றால் சரளைப் பாதையும் சேரும், 15 செ.மீ. உயரம் வரை இறங்கலாம். 3 என்றால் கரடுமுரடான பாதை, 61 செ.மீ. வரை. 4 என்றால் 122 செ.மீ. வரை. 5-ஆம் எண்தான் டவுன்ஹில் (செங்குத்துச் சரிவில் வேகமாக இறங்குவது), பெரிய ஜம்ப் போன்றவற்றுக்கானது. உங்கள் சைக்கிளில் எண்ணே இல்லை என்றால் 2 என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டம் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்து உடைவதில்லை. வெல்டிங் ஓரத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்து, ஒரு நாள் லேண்டிங்கில் இரண்டாகிவிடும். ஆகவே கழுவும்போது ஹேண்டில் பொருந்தும் கழுத்துப் பகுதியையும் பெடல் அச்சைச் சுற்றியும் விரலால் தடவிப் பாருங்கள்.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பார்க்க வேண்டியவை ஐந்து நிமிட வேலை. இரண்டு சக்கரமும் இறுகியிருக்கின்றனவா? முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னும் ஆட்டினால் கழுத்தில் 'கடக்' என்று ஒலி வருகிறதா? சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றினால் டிஸ்க் உரசுகிறதா? பிரேக் லிவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு உள்ளே போகிறதா? போனால் அன்று சரிவு கிடையாது, மெக்கானிக்தான். டயரில் காற்று எவ்வளவு என்பது ஆளின் எடையையும் டயரின் அகலத்தையும் பொறுத்தது. ட்யூப் உள்ள 2.2 அங்குல டயருக்கு 25 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள் தொடங்கிப் பழகலாம். பஞ்சர் கடையில் கல் மாதிரி காற்றடித்துக்கொண்டு வந்தால் டயர் மண்ணைக் கவ்வாது.

யாரும் கவனிக்காத ஒன்று, ஹேண்டில்பாரின் இரு முனையிலும் இருக்கும் மூடி. அது விழுந்துபோன சைக்கிளோடு ஓட்டாதீர்கள். விழும்போது திறந்த குழாய் முனை வயிற்றில் குத்தினால் வெளியே சின்னக் காயம்தான் தெரியும், உள்ளே கல்லீரலோ மண்ணீரலோ கிழிந்திருக்கலாம். இரண்டு சின்ன மூடி, விலையும் சொற்பம்.

இரவல் சைக்கிளில் ஏறினால் எந்தக் கை முன் பிரேக் என்று முதலில் அழுத்திப் பாருங்கள். நாட்டுக்கு நாடு அது மாறும். சரிவில் போய்க் கண்டுபிடிக்கும் விஷயம் அல்ல.

உடம்புக்கு என்ன போடுவது

தலைக்கவசம் இல்லாமல் எதுவும் இல்லை. மெதுவான மண்பாதைக்கு பின்மண்டையையும் நன்றாக மூடும் சைக்கிள் ஹெல்மெட் போதும். ட்ராப் (மேட்டு விளிம்பிலிருந்து சைக்கிளோடு கீழே இறங்குவது), ஜம்ப், செங்குத்து இறக்கம் என்றால் தாடையையும் மூடும் சைக்கிள் ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் வீட்டில் இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அது கனம், காற்று போகாது, மிதித்து ஏறும்போது நம் ஊர் வெயிலில் பத்து நிமிடம் தாங்காது. தாங்காததைக் கழற்றி ஹேண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு ஓட்டுவார்கள், அங்கேதான் பிரச்சினை. வார் தாடைக்குக் கீழே இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும்.

முழங்கால் காப்பு, முழுவிரல் கையுறை, தட்டை அடியுள்ள ஷூ. செருப்பு வேண்டாம். காலைப் பெடலோடு பூட்டும் வகை ஷூவும் புதியவர்களுக்கு வேண்டாம், சரிவில் கால் ஊன்ற வேண்டிய நொடியில் கழன்று வராது. கண்ணாடி கட்டாயம் போடுங்கள், ரப்பர் தோட்டத்தில் பூச்சியும் சருகுத் தூளும் கண்ணுக்குத்தான் முதலில் வரும்.

சமதளத்தில் பழக வேண்டியவை

இங்கேதான் ஆட்கள் பொறுமை இழக்கிறார்கள். மூன்று வாரம் மைதானத்தில் வட்டமடிப்பது வீடியோவுக்கு ஆகாதுதான். ஆனால் சரிவில் உங்கள் உடம்பு செய்யப்போவது எல்லாம் இங்கே பழகியது மட்டுமே. பயம் வந்த நொடியில் மூளை புதிதாக எதையும் கற்றுக்கொள்ளாது.

முதலில் நிற்கும் நிலை. சீட்டை இறக்கிவிடுங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில், குதிகால் சற்றுத் தாழ, முழங்காலும் முழங்கையும் வளைந்து, இடுப்பு சீட்டுக்கு மேலே மிதந்து நிற்க வேண்டும். எடை முழுவதும் காலில் இருக்கட்டும், கை ஹேண்டிலை வழிநடத்த மட்டுமே. பார்வை முன்சக்கரத்தில் கூடாது, போக வேண்டிய இடத்தில். கண் எங்கே போகிறதோ சைக்கிளும் அங்கேதான் போகும். கல்லையே பார்த்துக்கொண்டு போனால் கல்லில்தான் ஏறும்.

அடுத்தது பிரேக். முன் பிரேக் பிடித்தால் தலைகீழாகக் கவிழும் என்று சிறுவயதிலேயே நம் எல்லாருக்கும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதனால் பின் பிரேக்கை மட்டும் பிடித்துப் பழகியவர்கள்தான் அதிகம். உண்மையில் நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்குக்கே. கவிழ்வது அதைத் திடீரென்று அமுக்குவதாலும், உடம்பு முன்னால் சரிவதாலும்தான். மண்தரையில் ஒரு கோடு போட்டு, ஒரு விரலால் மெல்ல அழுத்தி, உடம்பைச் சற்றுத் தாழ்த்திப் பின்னுக்குக் கொண்டுபோய், அந்தக் கோட்டில் நிறுத்திப் பழகுங்கள். சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கினால் அழுத்தம் அதிகம் என்று பொருள், கொஞ்சம் விடுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்து முடித்துவிட வேண்டும். வளைவின் நடுவில், அதுவும் சரளையில், முன் பிரேக்கைத் தொட்டால் சக்கரம் வழுக்கிப் போய்விடும்.

ஒரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 8 மீட்டருக்கு மேல் போகிறீர்கள். ஆபத்தைக் கண்டு விரல் அசைய ஒரு நொடி என்றால் பிரேக் பிடிக்குமுன்பே 8 மீட்டர் போயிற்று. தளர்ந்த மண்ணில் நிற்க இன்னும் அதே அளவு வேண்டும். ஆக 16, 17 மீட்டர். வேகம் 20 என்றால் 9, 10 மீட்டரில் நின்றுவிடலாம். ரப்பர் தோட்டத்து வளைவில் கண்ணுக்குத் தெரிகிற தூரம் பல இடங்களில் அவ்வளவே. தெரிகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் உங்கள் வேகம் அல்ல.

பிறகுதான் ட்ராப். நடைபாதை ஓரத்தின் உயரத்தில், 15 செ.மீ.க்குள் தொடங்குங்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாக, ஓசை குறைவாக, நேராக இறங்க வேண்டும். ஒன்றிரண்டு முறை சரியாக வந்ததும் உயரத்தைக் கூட்டிவிடாதீர்கள், தொடர்ந்து பத்து முறை அலுங்காமல் வரட்டும். முழங்கால் உயரத்துக்கு மேல் போகும்போது, இறங்கும் இடம் சமதளமாக இருக்கக் கூடாது, சரிவாக இருக்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் தரையைத் தொடும்போது கீழ்நோக்கிய வேகம் மணிக்கு 16 கி.மீ. சமதளத்தில் அது முழுவதும் உங்கள் மணிக்கட்டிலும் முதுகெலும்பிலும் இறங்கும். சரிவில் அதில் பெரும்பங்கு முன்னோக்கிய ஓட்டமாக மாறிவிடும். உயரத்தை மட்டும் பார்த்துக் குதிக்கிறவர்கள் இந்த லேண்டிங் விஷயத்தைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பாதையை நடந்து பாருங்கள்

பைக் பார்க்குகளில் புதியவர்களுக்கு மூன்று சுற்று என்று சொல்லிக்கொடுப்பார்கள். முதல் சுற்று மெதுவாக, பார்ப்பதற்கு. இரண்டாம் சுற்று சற்று வேகமாக, சரிபார்ப்பதற்கு. மூன்றாவதுதான் ஓட்டுவதற்கு. நம் மலையோரத்தில் இந்த மூன்றுக்கும் முன்னால் ஒரு சுற்று நடை வேண்டும், அதுவும் கீழிருந்து மேலாக. ஏறும்போதுதான் சரிவின் உண்மையான செங்குத்து காலுக்குத் தெரியும்.

ரப்பர் தோட்டத்தில் என்னென்ன இருக்கும்? சரிவுக்குக் குறுக்கே தட்டுத் தட்டாக வெட்டியிருப்பார்கள். ஒரு தட்டிலிருந்து அடுத்ததற்கு இறங்கும் இடம் மேலிருந்து பார்த்தால் தெரியாது, அருகில் போனால் இடுப்பளவு இருக்கும். மழைநீர் பிடிக்க ஆங்காங்கே குழி வெட்டியிருப்பார்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ரப்பர் இலையுதிர்க்கும் காலத்தில் அந்தக் குழியெல்லாம் சருகால் நிரம்பித் தரை போலவே தெரியும். முன்சக்கரம் அதில் இறங்கினால் நீங்கள் ஹேண்டிலுக்கு மேலாகத்தான் போக வேண்டும். கையில் ஒரு கம்பு வைத்துக் குத்திப் பாருங்கள். இளம் ரப்பர் நட்ட இடத்தில் படர்ந்திருக்கும் மூடுகொடியும் அப்படித்தான், அதன் கீழே வெட்டிய மரத்தின் கட்டை இருக்கும். ஊடுபயிராக அன்னாசி இருந்தால் அந்த வரிசைக்குள் விழுவதைப் பற்றி விளக்கம் தேவையில்லை.

மழைக்காலத்தின் நடுவில் ரப்பர் காய் வெடித்து விதைகள் பாதை முழுக்க உருளும், கோலிக்குண்டின் மேல் ஓட்டுவது போலத்தான். தென்னந்தோப்பில் விழுந்து கிடக்கும் மட்டை சக்கரத்தில் நுழைந்தால் பின் கியரையே பிடுங்கிவிடும்.

கம்பிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். தோட்ட வாசலில் குறுக்கே கட்டிய சங்கிலி, மாடு புகாமல் இழுத்த கம்பி, மின்கம்பத்தின் ஸ்டே கம்பி. மூன்றும் வெயில் புள்ளிகள் விழும் நிழலில் கண்ணுக்குத் தெரியாது, மூன்றும் கழுத்து மட்டத்திலோ நெஞ்சு மட்டத்திலோ இருக்கும். காட்டுப்பன்றிக்காகச் சிலர் திருட்டு மின்சாரம் பாய்ச்சி வைக்கும் வேலி இன்னும் மோசம். மலையோரத்து விளைகளின் ஓரத்தில் எந்தக் கம்பியையும் கையால் விலக்காதீர்கள்.

தேன் பெட்டி. மார்த்தாண்டம் வட்டாரத் தேன் பெருமளவு ரப்பர் தோட்டத்திலிருந்துதான் வருகிறது. புதுத் தளிர் விடும் பருவத்தில், ஏறத்தாழ பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, மரங்களுக்கிடையே குச்சியின் மேல் பெட்டிகள் வரிசையாக நிற்கும். ஒன்றில் இடித்துவிட்டால் எழுந்து ஓடுங்கள், சைக்கிள் கிடக்கட்டும். ஹெல்மெட்டின் காற்றுத் துளைக்குள் தேனீ நுழைந்துவிட்டால் கழற்றுவதற்குள் பல கொட்டு விழுந்துவிடும். பெட்டிக்காரருக்கான நஷ்டத்தையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பால் வெட்டும் நேரத்தில் பாதை அவர்களுடையது. விடியும் முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை தொடங்கியிருப்பார்கள், முற்பகலில் சிரட்டைகளிலிருந்து பாலைச் சேகரித்து வாளியோடு இறங்குவார்கள். அதற்குப் பிறகு போங்கள். வழியில் யாரையாவது கண்டால் நீங்கள்தான் நிற்க வேண்டும், சைக்கிளில் மணி இருக்க வேண்டும். மண்ணைக் குவித்து ஜம்ப் கட்டினால், நிலத்துக்காரரிடம் கேட்டுக் கட்டுங்கள், போகும்போது கலைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் விட்டுப்போன மேட்டில் இருட்டில் பைக்கில் வருகிற தொழிலாளி ஏறினால், அவர் காலுக்குப் பொறுப்பு உங்களுடையதுதான்.

நடந்து பார்த்த பிறகு ஓர் இடம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். உலகக் கோப்பைக்காரர்களும் பயிற்சி நாளில் பாதையை நடந்து பார்த்து, ஓட்டுகிற கோட்டை மாற்றிக்கொள்கிறவர்கள்தான்.

எந்த மாதம், எந்த நேரம்

தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. ஜூனிலிருந்து டிசம்பர் வரை செம்மண் சரிவு முழுவதும் உலர்ந்து கிடக்கும் நாள் குறைவு. பாசி பிடித்த பாறையில் எந்த டயரும் நிற்காது. மலையில் மழை பெய்தால், நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமலே ஓடையில் வெள்ளம் வரும். காலையில் கணுக்கால் நனைய கடந்த ஓடையை மாலையில் கடக்க முயல வேண்டாம். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் புதியவர்களுக்கான காலம்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளைப் பக்கத்துப் பொத்தைகளில் (சிறு குன்றுகளில்) ஓட்டுகிறவர்களுக்குத் தனிக் குறிப்பு. அத்தனை காற்றாலைகள் அங்கே சும்மா நிற்கவில்லை. தென்மேற்குப் பருவக் காற்று கணவாயில் குவிந்து அடிக்கும் மாதங்களில், தரையிலிருந்து சக்கரம் எழும்பிய நொடியில் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைத் தள்ளிவிடும். அந்த நாட்களில் ஜம்ப் கிடையாது.

காட்டோரம் என்றால் பிற்பகல் நான்கு மணிக்குள் சாலைக்கு வந்துவிடுங்கள்.

யாரோடு போவது

தனியாகப் போகாதீர்கள், இருவராகவும் வேண்டாம். மூவர் வேண்டும். ஒருவர் விழுந்தால் ஒருவர் கூட இருக்க, மற்றவர் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கோ சாலைக்கோ போக. மலை மடிப்புகளில் கைப்பேசி பல இடங்களில் வேலை செய்யாது. எந்த வழியாகப் போகிறீர்கள், எத்தனை மணிக்குள் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். "சும்மா சைக்கிள் ஓட்டப் போறேன்" என்பது தகவல் ஆகாது.

கூட்டத்தில் யாராவது ஒருவர் சொல்வார்: "போலே மக்கா, ஒண்ணும் ஆவாது." எலும்பை முறிக்கும் வாக்கியம் என்று ஒன்று நம் ஊரில் இருந்தால் அது இதுதான். சொன்னவர் எலும்பு முறிவதில்லை. அதனால் முதல் நாளே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள்: ஒருவர் "இன்னைக்கு வேண்டாம்" என்றால் காரணம் கேட்பதில்லை, கிண்டல் இல்லை. உங்களைவிடப் புதியவர் ஒருவரை அழைத்துப் போனால் அவர் வேகத்தில்தான் அன்றைய சவாரி. 'என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்' என்று எழுதி வாங்கிக்கொண்டாலும், எது ஆபத்து என்றே தெரியாதவரிடம் வாங்கிய கையெழுத்துக்கு மதிப்பில்லை. பதினெட்டு வயது ஆகாதவர் என்றால் வீட்டில் பெற்றோரிடம் நேரில் பேசுங்கள்.

ஒருவர் இறங்கி முடித்து, பாதையை விட்டு விலகி, குரல் கொடுத்த பிறகே அடுத்தவர் கிளம்ப வேண்டும். வீடியோ எடுப்பவர் லேண்டிங்கின் நேர் எதிரில் நிற்கக் கூடாது.

விழுந்தால்

விழுவீர்கள். எவ்வளவு மோசமாக என்பதை மேலே சொன்னவை தீர்மானிக்கும்.

விழுந்தவரை உடனே தூக்கி நிறுத்துவது நம் ஊர்ப் பழக்கம். நாலு பேர் ஓடி வந்து, அக்குளில் கை கொடுத்து எழுப்பி, தண்ணீர் கொடுப்பார்கள். செய்ய விடாதீர்கள். கழுத்து அல்லது முதுகு வலி, கை கால் மரத்துப் போதல், பேச்சில் குழப்பம், இவற்றில் ஒன்று இருந்தாலும் அவர் கிடக்கும் இடத்திலேயே அசையாமல் கிடக்கட்டும். ஒருவர் தலையின் இரு பக்கமும் கை வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குத் தடை இல்லாதவரை ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டாம். 108-க்கு அழையுங்கள். பைக்கில் நடுவில் உட்கார வைத்து இருவர் அணைத்துக்கொண்டு போவது முதுகெலும்பு முறிந்தவரை முடமாக்கிவிடலாம். ஆம்புலன்ஸ்காரருக்குத் தோட்டத்தின் பெயர், அருகிலுள்ள பேருந்து நிறுத்தம், வாசல் சங்கிலிக்குச் சாவி யாரிடம் என்பது வரை சொல்ல வேண்டும். அதனால்தான் இவற்றை முன்பே கேட்டு வைத்துக்கொள்வது.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை மடித்துக் காயத்தின் மேலேயே அழுத்திப் பிடியுங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். காபிப் பொடி, மஞ்சள் எதுவும் வேண்டாம், அதைக் கழுவி எடுப்பதற்குள் மருத்துவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். சின்னச் சிராய்ப்பு என்றால் நிறையத் தண்ணீர் விட்டு மண் போகக் கழுவுங்கள், டி.டி. (டெட்டனஸ் தடுப்பு) ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். கை ஊன்றி விழுந்து மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் வலி நீடித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுங்கள். அங்கிருக்கும் சின்ன எலும்பின் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தப்பிவிடுவதும் உண்டு, வலி தொடர்ந்தால் மறுபடியும் போங்கள். வயிற்றில் ஹேண்டில் குத்தியிருந்தால், வலி குறைவாக இருந்தாலும் அன்றே மருத்துவமனை.

தலையில் அடிபட்டவர் "நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அன்று அவர் மீண்டும் சைக்கிளில் ஏறக் கூடாது, அவ்வளவுதான். அடுத்த ஒன்றிரண்டு நாள் கூட ஒருவர் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கண்மணி ஒன்று பெரிதாகத் தெரிவது, எழுப்ப எழுப்ப எழாத தூக்கம் என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய இடத்துக்கு நேராகப் போய்விடுங்கள்.

சருகுக்குள் விழுந்தவருக்குப் பாம்பு கடித்திருந்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், ஆளை நடக்கவிடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

பணம், அப்புறம் உடைந்த பொருட்கள்

மருத்துவக் காப்பீடு எடுத்திருந்தால் பாலிசித் தாளில் 'சாகச விளையாட்டு' என்ற விலக்குப் பகுதியைப் படியுங்கள். மருத்துவக் காப்பீடுகளுக்கான பொதுவான விலக்கு வாசகம், தொழில்முறையாக ஈடுபடுகிறவர்களைத்தான் குறிப்பிடுகிறது. பரிசுப் பணத்துக்குப் போட்டியில் இறங்கினால் கதை மாறலாம். தனிநபர் விபத்துக் காப்பீட்டில் விலக்கு இன்னும் அகலமாக இருப்பதுண்டு. முகவர் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்.

விழுந்த சைக்கிளை அப்படியே நிமிர்த்தி ஓட்டாதீர்கள். ஹேண்டில் கோணியிருக்கிறதா, பிரேக் லிவர் விரிசல் விட்டிருக்கிறதா, சக்கரம் கோணி உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மிச்ச வழி. வளைந்த அலுமினிய ஹேண்டில்பாரைத் தட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

தலை இடித்த ஹெல்மெட் வெளியே புத்தம் புதிதாகத் தெரிந்தாலும் அதன் வேலை முடிந்தது. உள்ளே இருக்கும் நுரை ஒரு முறை நசுங்குவதற்காகவே செய்தது, அடுத்த அடியைத் தாங்காது. புதிது வாங்குங்கள். பழையதன் வாரைக் கத்தரித்துவிட்டுக் குப்பையில் போடுங்கள், இல்லையென்றால் வீட்டில் தம்பி யாராவது அதை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.